ராணித் தேனீக்கு எத்தனை மாப்பிள்ளை? மலையகப் பூச்சிகளின் துணைத்தெரிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பவை பாதி, தோட்ட லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் ஒன்றிரண்டு தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் கேட்பவை மீதி. சில கேள்விகளுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

பூச்சிக்குப் போய் துணையைத் தெரிவு செய்யும் புத்தி இருக்கிறதா?

தெரிவு என்று சொல்லப் புத்தி தேவையில்லை. பல ஆண்கள் இருக்கும் இடத்தில், பெண்ணின் நடத்தையோ உடலோ காரணமாகச் சில ஆண்களுக்கு மட்டும் அதிகம் பிள்ளை கிடைக்கிறது என்றால், உயிரியலில் அதுவே தெரிவு. டார்வின் 1871இல் இதை எழுதியபோது, ஆண்கள் அடித்துக்கொள்வதைப் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். பெண் பார்த்துத் தெரிவு செய்கிறது என்பதை ஏற்கத்தான் மனம் வரவில்லை.

சுவர்க்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைவிட்ட இரவில் வாசற்படிக் கல்லிடுக்கிலிருந்து கத்துவது ஆண். பெண் கத்தாது, கேட்கும். அதன் செவி தலையில் இல்லை, முன்னங்காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஆய்வுகூடத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளில் இரண்டு விதமான பாட்டை ஒலிக்கவிட்டால், ஆணே இல்லாத இடத்திலும் பெண் ஒரு பாட்டை நோக்கி நடந்து போகும்.

ஆண்தானே பல பெண்களைத் தேடும்? பெண்ணுக்கு ஒன்று போதாதா?

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அதற்கு வேர், ஆங்கஸ் பேட்மன் என்பவர் 1948இல் வெளியிட்ட பழ ஈ ஆய்வு. போத்தல்களுக்குள் ஆண்களையும் பெண்களையும் விட்டு, பெற்றோர் ஒவ்வொன்றிடமிருந்தும் பிள்ளைக்கு இறங்கும் வெவ்வேறு உருவக் குறைகளை வைத்து யாருக்கு யார் பிள்ளை என்று கணக்கெடுத்தார். ஆணுக்குத் துணை கூடக் கூடப் பிள்ளை கூடியது, பெண்ணுக்கு அவ்வளவாகக் கூடவில்லை என்று முடிவு சொன்னார். 1972இல் றொபேர்ட் ட்ரிவர்ஸ் அதற்குக் காரணம் தந்தார்: முட்டை செலவு கூடியது, விந்து மலிவு. ஆகவே செலவழிப்பவள் நிதானமாகப் பார்ப்பாள், மலிவானவன் ஓடித்திரிவான்.

ட்ரிவர்ஸின் தர்க்கம் இன்றும் பயன்படுகிறது. பேட்மனின் கணக்கில்தான் ஓட்டை. பட்ரீசியா கோவாட்டியும் சகாக்களும் அதே ஆய்வைத் திரும்பச் செய்து 2012இல் வெளியிட்டார்கள். தாயின் குறையையும் தகப்பனின் குறையையும் சேர்த்துச் சுமந்த குஞ்சுகள் வளருமுன்னே அதிகம் செத்துப்போயின. செத்தவை எண்ணிக்கையில் வரவில்லை. பெற்றோர் யார் என்று அடையாளம் காண நம்பியதே அந்தக் குஞ்சுகளைத்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாக பேட்மனின் முடிவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்காமல் கடந்திருப்பார்கள்! 'பெண் என்றால் அடக்கம்' என்று ஏற்கெனவே நம்பியவர்களுக்கு அந்த விடை பிடித்துப்போனதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பிற்பாடு மரபணுச் சோதனை வந்து, ஒரே தாயின் முட்டைகளுக்குப் பல தகப்பன்மார் இருப்பது பூச்சிக்குப் பூச்சி வெளிப்பட்டது. ஆகவே 'பெண் ஏன் பலருடன் சேர்கிறது' என்று பொதுவாகக் கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. இந்தப் பூச்சிக்கு இதில் என்ன ஆதாயம், என்ன நட்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும்.

எங்கள் பெட்டியிலுள்ள ராணி எத்தனை ஆண்களுடன் சேர்ந்திருக்கும்?

மலையகத்தில் பெட்டியில் வளர்ப்பது அப்பிஸ் செரானா என்ற ஆசியத் தேனீ. அதன் ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் சேர்வது வழக்கம், இருபதைத் தாண்டுவதும் உண்டு. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒற்றை வதை கட்டும் பெரிய மலைத்தேனீயில் எண்ணிக்கை இன்னும் கூட. பல பத்து ஆண்கள் சாதாரணம், நூறை எட்டிய ராணிகளும் உண்டு. கொழுந்தெடுப்பவர்களைக் 'குளவி' கொட்டியதாகச் செய்தி வரும்போது பல வேளைகளில் அது இந்த மலைத்தேனீதான். கொட்டுவது வேலைக்காரத் தேனீ. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

யாரும் வானத்தில் நின்று எண்ணியதில்லை. கூட்டிலிருந்து வேலைக்காரத் தேனீக்களைப் பிடித்து மரபணுவைப் பார்த்தால், தாய் ஒன்றாகவும் தகப்பன்மார் வேறாகவும் இருக்கும் பிள்ளைகள் வகைவகையாகப் பிரிந்து தெரியும். தகப்பன்மாரின் எண்ணிக்கை அதிலிருந்து கிடைக்கிறது.

சேர்க்கை கூட்டுக்குள் நடக்காது. புது ராணி தன் வாழ்நாளின் தொடக்கத்தில் மட்டும் ஒன்றிரண்டு தடவை, சில வேளை இன்னும் ஓரிரு தடவை வெளியே பறக்கும். ஆண்கள் கூடும் வெளியில் அவை வால்வெள்ளி மாதிரி அவளைத் துரத்தும். எட்டிப் பிடித்த ஆணின் உறுப்பு வெளியே புரண்டு அவளுக்குள் பொருந்தும், அவன் விழுந்து சாவான், அடுத்தவன் வருவான். அந்தச் சில நாட்களில் சேகரித்த விந்து அவள் வயிற்றிலுள்ள சிறு பையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிறகு ராணி ஆணைத் தேடிப் போவதே இல்லை.

நேரம் இனத்துக்கு இனம் வேறு. கோனிகரும் விஜயகுணசேகரவும் இலங்கையிலேயே பார்த்து 1976இல் வெளியிட்ட ஆய்வு இது: சிறிய தேனீயான புளோரியாவின் ஆண்கள் நண்பகல் 12.00 முதல் 2.30 வரை பறக்கின்றன. பெட்டித் தேனீயின் ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரை. மலைத்தேனீயின் ஆண்கள் 6.00 முதல் 6.45 வரை, இருட்டும் வேளையில். ஒரே தீவில் மூன்று இனமும் நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டதால், ஆண்கள் தவறான ராணியின் பின்னால் ஓடி வீணாவதில்லை.

ஆண் அறை கண்டால் வெட்டி எறிந்துவிடுகிறோம். தேனைத் தின்கிற சோம்பேறிகள்தானே?

அவசரப்படாதீர்கள். செரானாவின் ஆண் அறையைக் கிட்டே பார்த்திருக்கிறீர்களா? வேலைக்காரி அறையின் மூடி தட்டை. ஆண் அறையின் மூடி கூம்பாக எழும்பி நிற்கும், மேற்புற மெழுகை வேலைக்காரிகள் சுரண்டியபின் பழுப்பாகி, உச்சியில் ஊசி குத்தியது போல ஒரு துளை தெரியும். அந்த ஆண்கள் உங்கள் ராணிக்கல்ல, பக்கத்துத் தோட்டத்து ராணிகளுக்கு. உங்கள் புது ராணிக்கு வேண்டிய ஆண்களை அடுத்தவர் பெட்டி தருகிறது. எல்லோரும் வெட்டினால் எல்லோர் ராணிக்கும் குறையும்.

அது ஏன் பெரிய விஷயம் என்றால், தேனீயில் ஆண், பெண் என்பதை ஒரு பரம்பரையலகுதான் (மரபணுதான்) தீர்மானிக்கிறது. கருக்கட்டாத முட்டையில் அதன் ஒரு பிரதிதான் இருக்கும், ஆண் பிறக்கும். கருக்கட்டிய முட்டையில் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும் வேறு வேறு எதிருருக்களானால், அதாவது அந்த அலகின் வெவ்வேறு வடிவங்களானால், பெண். இரண்டும் ஒரே எதிருருவாக அமைந்துவிட்டால் பிறப்பது ஆண், அதுவும் கூட்டுக்கு உதவாத ஆண். அந்தப் புழுவை வேலைக்காரிகள் தின்றுவிடும்.

இனிக் கணக்கு. ராணி ஒரே ஆணுடன் சேர்ந்து, அவனுடைய எதிருரு அவளுடைய இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போனால், கருக்கட்டிய முட்டைகளில் பாதி வீண். வதையில் நிரம்பிய அறைக்குப் பக்கத்தில் வெற்று அறை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும். அப்படிக் கூடு தேறுவது கஷ்டம். பத்து ஆணுடன் சேர்ந்து அதில் ஒருவன் மட்டும் ஒத்துப்போனால் வீணாவது 5 வீதம், கூடு கவனிக்கக்கூட மாட்டாது. ராணி சூதாடவில்லை, பந்தயப் பணத்தைப் பிரித்து வைக்கிறாள்.

இது தவிர இன்னும் ஆதாயங்கள் உண்டு. பல தகப்பன் பிள்ளைகள் உள்ள மேற்கத்தேய தேனீக் கூடுகளில் நோய் குறைவாகப் பரவியது. மட்டிலாவும் சீலியும் 2007இல் காட்டியபடி அந்தக் கூடுகள் கூடுதலாக உணவு சேர்த்தன, வேகமாக வதை கட்டின. ஒவ்வொரு தகப்பன் வழிப் பிள்ளையும் வெவ்வேறு வெப்பநிலையில் சிறகடிக்கத் தொடங்குவதால் கூட்டின் சூடு சட்டென்று ஏறி இறங்குவதில்லை என்று 2004இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. பகலில் வெயிலும் இரவில் நடுக்கமுமாக இருக்கும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

எல்லாப் பெட்டிகளையும் ஒரே தாய்க்கூட்டிலிருந்து பிரித்தெடுப்பதைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் இதுவே. ஐந்து கிலோமீற்றர் தள்ளியுள்ள நண்பரோடு ஒரு கூட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ராணி நல்ல ஆணாகப் பார்த்துத் தெரிவு செய்கிறாளா?

அதிகமாகச் சொல்ல முடியாது. அங்கே பெரும்பாலும் ஓட்டப்பந்தயம்தான், வேகமாகப் பறப்பவன் பிடிக்கிறான். பலருடன் சேர்தல் வேறு, தெரிவு செய்தல் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விடை எழுதினால் புள்ளி போகும்.

ஆற்றோரம் தும்பிகள் ஜோடியாக வளைந்து பறக்கின்றனவே, அது என்ன?

சேர்க்கைதான். ஆண் தன் வால்நுனியால் பெண்ணைக் கழுத்தருகே பிடித்திருக்கும். பெண் தன் வயிற்றை முன்னே வளைத்து ஆணின் வயிற்றின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோகும். இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். ஆணுக்கு விந்து சுரப்பது வால்நுனிக்குப் பக்கத்தில், சேர்க்கை உறுப்பு இருப்பதோ இரண்டாவது வயிற்றுக் கண்டத்தில். அதனால் முன்கூட்டியே தன் விந்தைத் தானே இடம்மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. 1979இல் ஜொனதன் வாகே வட அமெரிக்க ஊசித்தும்பி ஒன்றை நடுச்சேர்க்கையில் பிரித்துப் பார்த்தார். தன் விந்தை வைக்கும் முன், முந்திய ஆணின் விந்தை அந்த ஆண் கிட்டத்தட்ட முழுவதும் வழித்தெடுத்திருந்தது. உறுப்பின் நுனியில் பின்நோக்கிய முட்கள் இருக்கின்றன. சேர்க்கையின் பெரும்பகுதி நேரம் இந்தத் துப்பரவுக்கே போகிறது. முட்டையிடும் பெண்ணை ஆண் விடாமல் காவல் காப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். இன்னொருவன் வந்தால் இவனுக்கும் அதே கதி.

கடைசியாக வந்தவனுக்கே லாபம் என்பதை ஜெவ் பார்க்கர் சாண ஈயில் முன்னரே கண்டிருந்தார். அங்கே கடைசி ஆணுக்குப் பிந்திய முட்டைகளில் ஏறக்குறைய 80 வீதம். 1970இல் அவர் எழுதிய கட்டுரைதான் 'விந்துப் போட்டி' என்ற துறையைத் திறந்தது.

நம் பக்கத்து ஓடைகளில் பார்க்க அழகானது நியூரோபாசிஸ் சைனென்சிஸ் என்ற ஊசித்தும்பி. ஆணின் முன்சிறகு கண்ணாடி, பின்சிறகு உலோகப் பச்சை. சும்மா கல்லில் அமர்ந்திருக்கும்போது அந்தப் பச்சை மறைந்திருக்கும். பெண் வந்ததும் அதை விரித்துக் காட்டும். பெண் பிடிக்காவிட்டால் எழும்பிப் போய்விடும். கட்டாயம் பிடித்துக்கொண்டு போகும் தும்பிகளும் உண்டு, இப்படிக் கெஞ்சும் தும்பிகளும் உண்டு. பெண்ணின் கையில் எவ்வளவு அதிகாரம் என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது.

சேர்ந்த பிறகும் பெண் தெரிவு செய்யலாம் என்கிறார்களே, எப்படி?

இந்தத் துறையிலேயே எனக்குப் பிடித்த பகுதி இது. ரன்டி தோர்ன்ஹில் 1983இல் 'மறைமுகத் தெரிவு' என்று எழுதினார். வில்லியம் எபர்ஹார்ட் 1996இல் அதற்கென்றே புத்தகம் போட்டார். பலருடைய விந்து உடலுக்குள் இருக்கும்போது எதைப் பயன்படுத்துவது, எதைத் தள்ளுவது என்பதைப் பெண்ணின் உடல் முடிவு செய்கிறது என்பதே கருத்து.

இதற்கு நல்ல சாட்சி கிலுகிலுப்பைச் செடியில் வளரும் அந்துப்பூச்சி. கிலுகிலுப்பையை இங்கே தேயிலைக்குப் பசளைச் செடியாக நட்ட காலம் உண்டு. அதில் கசப்பான நச்சுக்காரம் இருக்கிறது. உட்டேதைசா என்ற அந்துப்பூச்சியின் புழு விதையைத் தின்று அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்க்கும், சிலந்தி வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடும். அமெரிக்காவிலுள்ள உட்டேதைசா இனத்தைத் தோமஸ் ஐஸ்னர் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. ஆண் தன் நஞ்சில் ஒரு பங்கை விந்துப் பொதியோடு பெண்ணுக்குக் கொடுக்கிறது, பெண் அதை முட்டைக்குப் பூசிவிடுகிறது. பெண் வாழ்நாளில் சராசரி நாலைந்து ஆண்களுடன் சேரும், அத்தனை சீதனமும் அவளுக்கு.

இரண்டு ஆண்கள் சேர்ந்தால் பிள்ளைகளில் பெரும்பாலும் பெரிய உடலுள்ளவனுக்கே பங்கு கிடைத்தது. பெரியவனின் விந்துதான் சண்டையிட்டு வென்றதா? 1993இல் லாமன்யனும் ஐஸ்னரும் சேர்க்கை முடிந்த பெண்களை மயக்கத்தில் ஆழ்த்திப் பார்த்தார்கள். பெண்ணின் தசைகள் ஓய்ந்ததும் அந்தப் பாரபட்சம் இல்லாமல் போயிற்று. வென்றது விந்து அல்ல. வழிவிட்டது பெண்.

காய்ந்த கிலுகிலுப்பையில் கறுப்பும் நீலமுமான வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அப்பிக்கொண்டிருப்பதைக் கண்டால் கிட்டப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள். தங்கள் மணத்தைத் தயாரிக்க அந்தச் சாற்றை உறிஞ்சுகின்றன. அந்த மணம் இல்லாத ஆணைப் பெண் மதிப்பது கடினம்.

தெரிவே இல்லாத பூச்சி உண்டா?

உண்டு, தேயிலைக்குள்ளேயே. ஷொட் ஹோல் போரர் என்று தோட்டத்தில் சொல்லும் தண்டு துளைக்கும் சிறு வண்டு, நடுத்தர உயரத் தோட்டங்களின் பழைய தலைவலி. பெண் வண்டு தண்டுக்குள் சுரங்கம் தோண்டி, கொண்டுவந்த பூஞ்சையை அதில் வளர்த்து, முட்டையிடும். ஆண் குஞ்சுகள் மிகச் சில, அவற்றுக்குப் பறக்க முடியாது. அக்கா, தங்கைகள் வெளியேறுமுன் அந்தச் சகோதரனோடே சேர்ந்துவிடும். தனியாகப் போன பெண் சேராதது என்றாலும் கவலையில்லை: கருக்கட்டாத முட்டையில் ஆண் பிறக்கும், பிறந்த மகனோடே சேரும். ஒரே ஒரு பெண் வண்டு புது மலையில் இறங்கினாலே குடியேற்றம் தொடங்கிவிடும், கவ்வாத்து வெட்டியபோது துளைபட்ட தண்டைக் கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

ஈசல்?

மழைக்குப் பின் பறந்து, சிறகு உதிர்த்து, ஜோடியாக மண்ணுக்குள் போகும். ராஜாவும் ராணியும் அங்கேயே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழும். தேனீக்கு நேர் எதிர். சமூகப் பூச்சி என்றாலே பல தகப்பன் என்று நினைத்துவிடக்கூடாது.

பல தடவை சேர்வது பெண்ணுக்கு எப்போதும் நல்லதா?

இல்லை. மூட்டைப்பூச்சியைப் பாருங்கள். பெண்ணுக்குப் பிறப்புறுப்பு இருக்கிறது, முட்டை அதன் வழியே வருகிறது. ஆண் அதைப் பயன்படுத்துவதில்லை, கூரிய உறுப்பால் வயிற்றைக் குத்தி உடலுக்குள்ளே விந்தைச் செலுத்தும். குத்து விழும் இடத்தில் பெண்ணுக்கு நோய் எதிர்ப்பு நிறைந்த ஒரு தனி இழையமே தோன்றியிருக்கிறது. அடிக்கடி குத்துப்பட்ட பெண்கள் சீக்கிரம் இறந்தன என்று 2001இல் ஸ்டட், சிவஜோதி ஆய்வு காட்டியது. பழ ஈயிலும் ஆணின் விந்துநீரிலுள்ள புரதங்கள் பெண்ணை உடனே முட்டையிடத் தூண்டி, மறுசேர்க்கையைத் தடுத்து, ஆயுளையும் குறைக்கின்றன. டிரேசி சப்மன் குழு இதை 1995இல் வெளியிட்டது. இங்கே ஆணின் லாபம் பெண்ணின் நட்டம்.

கும்பிடுபூச்சி ஆணைத் தின்பது தெரிவா என்றும் கேட்பார்கள். பெரும்பாலும் பசிதான்.

இதை வைத்து மனுசரைப் பற்றி ஏதாவது சொல்லலாமா?

சொல்லாதீர்கள். வகுப்பில் யாராவது சிரித்துக்கொண்டு ஆரம்பித்தால், 'மூட்டைப்பூச்சியையும் உதாரணமாக எடுப்போமா?' என்று கேளுங்கள், அடங்கிவிடும்.

கோவா (முட்டைக்கோஸ்), கொய்யா செய்பவர்களுக்கு இதனால் என்ன பயன்?

நிறைய. பெண் பூச்சியின் மணத்தை வைத்த பொறியில் நூறு ஆண் விழுந்தது என்று சந்தோஷப்படுவோம். ஆனால் பொறிக்கு வெளியே மிஞ்சிய பத்து ஆண்கள் ஒவ்வொன்றும் பல பெண்களுடன் சேரக்கூடியவை. ஆகவே முட்டை எண்ணிக்கை குறையாமல் இருக்கலாம். ஆண்களை அநேகமாக முழுக்க அகற்றினால்தான் பலன். கோவாவில் டயமண்ட் முதுகு அந்துக்கு வைக்கும் மணப்பொறியைக் கண்காணிப்புக் கருவியாகப் பாருங்கள், மருந்துக்குப் பதிலாக நினைக்காதீர்கள். கொய்யாப் பழ ஈக்கு மெதைல் யூஜெனோல் என்ற மணப்பொருள் வலுவாக வேலை செய்வதற்குக் காரணம், ஆண்கள் அதைத் தின்னவே ஓடி வருகின்றன. தின்ற ஆணைப் பெண் கூடுதலாக விரும்பும்.

மலட்டு ஆண்களை விட்டு, அவற்றோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரிக்காமல் செய்து, பூச்சியை ஒழிக்கும் முறைக்குத் துணைத்தெரிவு அறிவே அடித்தளம். அமெரிக்கப் பூச்சியியலாளர் எட்வர்ட் நிப்லிங், கால்நடைக் காயத்தில் புழுவைக்கும் ஸ்குரூவேர்ம் ஈயின் பெண் ஒரு தடவைதான் சேர்கிறது என்பதைக் கண்டு அந்த யோசனைக்கு வந்தார். 1954இல் கரீபியன் கடலிலுள்ள குராசாவோ தீவில் அது பலித்தது. பெண் பல தடவை சேரும் இனங்களிலும் முறை வேலை செய்யலாம், ஆனால் மலட்டு ஆணின் விந்து மற்ற ஆணின் விந்தோடு போட்டியிட வேண்டும், பெண்ணும் அவனை ஏற்கவேண்டும். தொழிற்சாலையில் வளர்த்த ஆணுக்குக் காட்டுப் பெண்ணிடம் எடுபடாமல் போவது அந்தத் துறையின் நிரந்தரக் கவலை.

எங்கே, எப்போது நேரில் பார்க்கலாம்?

தும்பிக்கு, வெயில் அடிக்கும் முற்பகலில் நிழலும் கல்லும் உள்ள ஓடை. பெண் முட்டையிடும் செடியைக் கண்டுபிடித்துவிட்டால் ஆண் அதன் பக்கத்தில் தானே தெரியும். சுவர்க்கோழிக்கு இரவும் ஒரு டோர்ச்சும். பெட்டித் தேனீக்கு மாலை நாலு மணி தாண்டிப் பெட்டி வாசலில் நின்றால், பருத்த கண்களும் தடித்த உடலுமாக ஆண்கள் இரைந்துகொண்டு வெளியேறுவதும், ஐந்தரைக்குள் பெரும்பாலும் திரும்புவதும் தெரியும். மலைத்தேனீக் கூட்டுக்கு மட்டும் கிட்டப் போகவேண்டாம், யூகலிப்டஸ் பூக்கும் காலத்தில் மலைக்கு வரும் கூடுகள் சிலவேளை சாலையோர மரத்திலேயே தொங்கும். தூரத்தில் நின்று தொலைநோக்கியால் பாருங்கள், புகை போடுவதும் கல்லெறிவதும் கூடவே கூடாது. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவில் எதையும் பிடிக்க அனுமதி இல்லை, படம் எடுக்கலாம். தேன்பெட்டி சம்பந்தமான சந்தேகங்களுக்குப் பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது. தேயிலைப் பூச்சி என்றால் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.